டிரில் மெஷினுக்கு நான் போட்ட சட்டம்

இனி இந்த வீட்டில் இரண்டு ஓட்டை போடுவதற்கு எவன் தயவையும் நாடுவதில்லை என்று நான் சபதம் செய்தேன். சபதம் செய்த இடம் குளியலறை. கண்ணில் சோப்பு எரியும்போது செய்யும் சபதத்துக்குத் தனி வேகம் உண்டு.

காரணம், கூடத்து ஜன்னலின் ஸ்க்ரீன் கம்பி. அது ஒருநாள் சுவரிலிருந்து பாதிச் சுண்ணாம்பையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டது. அன்றிலிருந்து நான் எத்தனை டம்ளர் தண்ணீர் குடிக்கிறேன், எந்தப் பக்கம் சாய்ந்து டி.வி. பார்க்கிறேன் என்பதெல்லாம் எதிர்வீட்டுக்காரர்களுக்கு மனப்பாடம். கார்ப்பென்டருக்குப் போன் செய்தேன்.

"எத்தனை ஓட்டை சார்?"

"ரெண்டு."

"இன்னும் ஒரு இருபது சேர்த்து வெச்சுட்டுக் கூப்பிடுங்க சார்."

ஓட்டையைச் சேர்த்து வைப்பது எப்படி என்று கேட்பதற்குள் போனை வைத்துவிட்டார். அன்று மாலை நான் கடைக்குப் போய், ஒயர் இல்லாத டிரில் மெஷின் ஒன்றைப் பெட்டியோடு வாங்கிக்கொண்டு, வெற்றி வீரனாக வீட்டுக்குள் நுழைந்தேன்.

"என்னங்க இது, தையல் மெஷினா?" என்றாள் மனைவி.

"டிரில் மெஷின். ஒயரே கிடையாது. பேட்டரியில ஓடும். ஒரு தடவை சார்ஜ் போட்டா போதும், நாள் பூரா வேலை செய்யும்."

"பரவாயில்லையே. உங்களுக்கு ரெண்டு டீ ஊத்தினாக்கூட மத்தியானம் வரைக்கும்தான் தாங்குது."

அவள் மெஷினைக் கையில் வாங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விசையை அழுத்தினாள். அது சர்ரென்று சுற்றியது. அவள் முகத்தில் ஒரு மலர்ச்சி. கல்யாணத்தன்று என்னைப் பார்த்தபோதுகூட நான் அதைக் கண்டதில்லை.

"என் தம்பிக்கு ரொம்ப உபயோகமா இருக்குங்க" என்றாள்.

நான் மெஷினை அவள் கையிலிருந்து மெதுவாகத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

என் மச்சினனைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அடுத்த தெருவில் இருக்கிறான். தங்கமான பையன். ஒரே ஒரு குறை, எதைப் பார்த்தாலும் இரவல் கேட்பான். வாங்கினால் திருப்பித் தர மாட்டான். மறுப்பதில்லை, மறந்துவிடுவான். அதனால் அவனுக்கு நான் மனத்துக்குள் வைத்திருக்கும் பெயரே 'இரவல்'தான். என்னுடைய குடை அவன் வீட்டு வாசலில் தொங்குகிறது. என்னுடைய இஸ்திரிப் பெட்டி அவன் சட்டையைத் தேய்க்கிறது. என்னுடைய ஏணி அவன் வீட்டு மொட்டைமாடியில் துணி உலர்த்துகிறது. இப்போது புது வீட்டுக்கு வேறு குடிபோயிருக்கிறான். வீடு முழுக்க வெறும் சுவர். ஓட்டை கேட்டுக் காத்திருக்கும் சுவர்.

மெஷின் ஒருமுறை அந்த வாசலைத் தாண்டினால் அதற்கு ஏணியின் கதிதான்.

ஆனால் "உன் தம்பிக்குத் தர மாட்டேன்" என்று மனைவியிடம் நேராகச் சொல்ல முடியுமா? சொன்ன கணவன்மார்கள் யாராவது நலமாக இருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள். நான் குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் வேலை பார்க்கிறவன். 'முடியாது' என்ற சொல்லை எங்கள் அலுவலகத்தில் யாரும் பயன்படுத்துவதில்லை. 'விதிகளின்படி' என்றுதான் ஆரம்பிப்போம். அந்த அனுபவம் கை கொடுத்தது.

மெஷினோடு வந்த விளக்கப் புத்தகத்தை எடுத்தேன். பள்ளிக்கூடத்தில்கூட நான் அப்படிப் படித்ததில்லை. பக்கத்துக்குப் பக்கம் ஒரு மனிதனின் படம். ஒரு படத்தில் அவன் சட்டைக் கை மெஷினில் சுருட்டிக்கொள்கிறது. இன்னொன்றில் அவன் கண்ணில் தூசு பாய்கிறது. கடைசிப் பக்கங்களில் அவன் பேட்டரி பற்றி எரிகிறது. பாவம், அந்த ஆளுக்கு நேராத ஆபத்து இல்லை. இதை எல்லாம் கொஞ்சம் காரம் சேர்த்துச் சொன்னால் போதும், தன் தம்பியை மெஷின் இருக்கும் திசைக்கே அவள் விட மாட்டாள்.

"இந்தாம்மா, கொஞ்சம் இப்படி வா. பாதுகாப்பு விஷயமா உன்கிட்டப் பேசணும்."

"ஒரு நிமிஷங்க" என்று சொல்லி, அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

நான் பேசுவதற்காக அவள் அடுப்பை அணைத்தது அதுவே முதல் தடவை. அப்போதாவது நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"முதல் விஷயம். தொளதொளன்னு துணி போட்டுக்கிட்டு இதைத் தொடக்கூடாது. முனையில சுத்துற ஊசி, அதான் பிட், அப்படியே துணியைப் பிடிச்சுச் சுருட்டிடும். தலைமுடியை இறுக்கிக் கட்டணும். வளையல், மோதிரம் எதுவும் ஆகாது."

"சரி."

"கண்ணுக்குக் கண்ணாடி. காலுக்கு ஷூ."

"வீட்டுக்குள்ளேயுமா?"

"வீட்டுக்குள்ளேயும்தான். பிட் மாத்தறதுன்னா முதல்ல பேட்டரியைக் கழட்டி வெச்சுட்டுத்தான் கை வைக்கணும். சுவிட்சு, குழாய் இதுக்கெல்லாம் நேர் மேல, நேர் கீழ ஓட்டை போடக்கூடாது. உள்ளே ஒயர் போகும், தண்ணி போகும்."

"அதுவும் சரிதான்."

"இனிமேதான் முக்கியம். பேட்டரி. அதுதான் எமன்!" என்று குரலைத் தாழ்த்தினேன். "சோப்புக்கட்டி மாதிரி இருக்கேன்னு பார்க்காதே. உள்ளே அடைச்சு வெச்சிருக்கறது நெருப்பு. அதோட சார்ஜரைத் தவிர வேற சார்ஜர்ல போடக்கூடாது. மெத்தை மேல, துணி மேல வெச்சு சார்ஜ் போடக்கூடாது. வெறும் தரையில வெச்சு, பக்கத்துலயே ஆள் இருக்கணும். சாவி, சில்லறைன்னு இரும்புச் சாமானோட சேர்த்து வைக்கக்கூடாது. வெயில்ல வைக்கக்கூடாது. கீழே விழுந்து விரிசல் விட்டுதா, உப்பிடுச்சா, அதோட அதுக்கு ஒரு கும்பிடு போட்டுடணும்."

"கும்பிட்டுட்டுக் குப்பையில போட்டுடலாமா?"

"ஐயோ, குப்பை வண்டியே எரிஞ்சு போயிடும். பழைய பேட்டரி வாங்கிக்கற இடத்துலதான் குடுக்கணும்."

அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். சூடு பிடித்திருக்கும்போதே முக்கியமான ஆணியை அடித்தேன்.

"இதுல ஒண்ணே ஒண்ணை மீறினாலும் சரி, அந்த ஆள் அப்புறம் மெஷினைத் தொடவே கூடாது. அந்த ஆள் இருக்கற வீட்டுல மெஷினே இருக்கக்கூடாது. இது சட்டம்."

"யாரா இருந்தாலுமா?"

"யாரா இருந்தாலும். உன் தம்பியாவே இருந்தாலும்."

"நீங்களா இருந்தாலும்?"

நான் சிரித்தேன். "நானா இருந்தாலும்."

"இன்னொரு தடவை மொதல்லேருந்து சொல்லுங்க. மனசுல பதியட்டும்."

சொன்னேன். ஆர்வமாகக் கேட்கிறாளே என்ற பூரிப்பில் இரண்டாவது தடவை இன்னும் விளக்கமாகச் சொன்னேன். பால்கனியில் ஒரு வாளி மணல் வைப்பது நல்லது என்று சொந்தச் சரக்கையும் சேர்த்தேன். மறுநாளே மணல் வாளி வந்துவிட்டது.

சட்டம் போட்டாகிவிட்டது. ஆனாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் அலுவலகத்தில் இருக்கும்போது இரவல் வந்து நின்றால்? அவனைப் பார்த்ததும் அவள் மனம் இளகினால்? யோசித்ததில் ஓர் அருமையான வழி தோன்றியது. பேட்டரி இல்லாத டிரில் மெஷின் வெறும் பொம்மை. ஆகவே காலையில் கிளம்பும்போது பேட்டரியைக் கழற்றி என் பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய்விடுவேன். சார்ஜரைப் படுக்கையறை பீரோவில் விரிப்புகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். மெஷினை மட்டும் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றினேன். இரவல் வந்தால் பெட்டியைத் தடவிப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

ஒரு பக்கம் பேண்ட் இறங்கித்தான் இருந்தது. மன நிம்மதிக்காக மனிதன் எவ்வளவோ செய்கிறான், பேண்ட்டை இழுத்து விட்டுக்கொள்வது ஒரு சிரமமா?

வீட்டில் மட்டும் தினமும் ஒரு விசாரணை.

"ஏங்க, ஸ்க்ரீன் கம்பி?"

"சுவரைப் பார்த்துக்கிட்டிருக்கேன்."

"நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். எதிர்வீட்டுல நம்மளைப் பார்த்துக்கிட்டிருக்காங்க."

"அவசரப்படக்கூடாதும்மா. பாதுகாப்பு."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் விசையை அழுத்தியதும் அது என் கையில் துள்ளிய துள்ளலில் எனக்குக் கொஞ்சம் உதறல் எடுத்துவிட்டது. அதை வெளியில் சொல்ல முடியுமா? அதற்குத்தான் பாதுகாப்பு என்று ஒரு சொல் இருக்கிறது.

இதற்கிடையில் இரவல் ஒருநாள் மாலை வந்தான். டீ குடித்தான். மெஷினைப் பற்றி மூச்சே விடவில்லை. போகும்போது மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, நீங்க பேட்டரி பத்திச் சொன்னதெல்லாம் அக்கா சொன்னா. ஒவ்வொண்ணும் முத்து மாமா" என்றான். பயல் மிரண்டுவிட்டான் என்று எனக்குப் பரம திருப்தி.

விதி என் பாக்கெட்டிலேயே இருந்தது.

அன்று எங்கள் மேடம் பிரிவுக் கூட்டம் போட்டிருந்தார். கூட்டத்துக்குப் போகிற அவசரத்தில் அலுவலக அலமாரிச் சாவிக்கொத்தை எடுத்துப் பாக்கெட்டில் போட்டேன். எந்தப் பாக்கெட் என்று பார்க்கவில்லை. மேடம் நிலுவைப் புகார்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். என் தொடையில் ஒரு வெதுவெதுப்பு பரவியது. ஏ.சி. அறையில் இது சுகமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் சுகம் குறைந்தது. சாவி ஒன்று பேட்டரியின் வாய்க்குள் நுழைந்து இரண்டு முனையையும் சேர்த்துவிட்டது என்பது பிற்பாடு தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம் யாரோ என் தொடையில் இஸ்திரி போடுகிறார்கள் என்பது மட்டும்தான்.

"உங்க பிரிவுல உடனே கவனிக்க வேண்டியது ஏதாவது இருக்கா?" என்று மேடம் என்னைப் பார்த்தார்.

"இருக்கு மேடம்!" என்று கத்திக்கொண்டே எழுந்து குதித்தேன்.

இவ்வளவு ஆர்வத்தை எங்கள் பிரிவிலிருந்து அவர் எதிர்பார்க்கவில்லை. நான் மேசையைச் சுற்றி ஓடினேன். பாக்கெட்டை உதறினேன். சாவியும் பேட்டரியும் வெளியே பறந்து தரையில் விழுந்தன. பேட்டரி கல்தரையில் டக்கென்று மோதி உருண்டது.

"என்ன அது?"

"டிரில் மெஷின் பேட்டரி மேடம்."

"அதை ஏன் பேண்ட்டுக்குள்ளே வெச்சிருக்கீங்க?"

"மச்சினன்கிட்டேருந்து காப்பாத்தறதுக்கு மேடம்."

மேடம் கையிலிருந்த ஃபைலை மூடி வைத்தார். பிறகு ரொம்ப அன்பாக, "நீங்க இன்னிக்கு வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்க. அதையும் தயவுசெஞ்சு கையோட எடுத்துட்டுப் போங்க" என்றார்.

வீட்டுக்கு வந்தால் பூட்டியிருந்தது. மனைவி வெளியே போயிருக்கிறாள். என் நல்ல நேரம் என்று நினைத்துக்கொண்டேன். பேட்டரியைத் திருப்பிப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு விரிசல். கீழே விழுந்தது, விரிசல் விட்டது, சாவியோடு சேர்ந்தது. என் சட்டப்படி பார்த்தால் நான் மூன்று தடவை குற்றவாளி. ஆனால் குற்றம் வெளியில் தெரிந்தால்தானே குற்றம்? விரிசல் மேல் அழகாக டேப் ஒட்டினேன். உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமே. பீரோவில் விரிப்புகளுக்கு நடுவே இருந்த சார்ஜரில் அங்கேயே மாட்டி, ஒயரை மட்டும் வெளியே இழுத்து ஸ்விட்சைப் போட்டு, பீரோக் கதவைச் சாத்திவிட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்தேன்.

மனைவி வந்தாள்.

"என்னங்க, இவ்வளவு சீக்கிரம்?"

"தலைவலி. நீ எங்கே போயிருந்தே?"

"தம்பி வீட்டுக்கு."

"தலையில என்ன வெள்ளையா?"

"மாவு."

"கால்ல என்ன ஷூ?"

"இடுப்பு வலிக்கு நல்லதாம்."

கையில் வளையலும் இல்லை. அதற்கும் ஏதாவது ஒரு வலி காரணமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். என் கவலை எனக்கு.

அவள் மூக்கைச் சுளித்தாள். "என்னவோ கருகற வாடை வருதே."

"பக்கத்து வீட்டுல இருக்கும்."

"அவங்க ஊருக்குப் போயிருக்காங்க."

நேராகப் படுக்கையறைக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். முதலில் ஸ்விட்சை அணைத்தாள். அப்புறம்தான் பீரோவைத் திறந்தாள். புகை இல்லை. ஆனால் பேட்டரி உப்பிக்கொண்டு டேப்பைப் பிய்த்துக்கொண்டிருந்தது. அதன் மேல் கிடந்த விரிப்பில் தோசைக்கல் அகலத்துக்குப் பழுப்பு வட்டம். "தள்ளி நில்லுங்க!" என்று ஒரு அதட்டல் போட்டாள். நீளமான இடுக்கியைக் கொண்டுவந்து அதைப் பிடித்து, பால்கனிக்குப் போய் மணல் வாளிக்குள் போட்டாள்.

"லேசா புகை வந்திருந்தாக்கூட நான் அதைத் தொட்டிருக்க மாட்டேன். உங்களை இழுத்துக்கிட்டு வெளியே ஓடியிருப்பேன்" என்றாள்.

தலைவலி என்று பொய் சொன்னேனே, அதற்கு ஏற்றாற்போல அந்த அறையிலேயே போய்ப் படுத்துத் தூங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவளும் இன்னும் கொஞ்சம் தாமதமாக வந்திருந்தால்? நான் ஆயிரம் கேலி பேசுகிறவன், ஆனால் அந்த வட்டத்தைப் பார்த்து எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. அவள் அந்த விரிப்பை எடுத்துப் போய்த் தண்ணீரில் முக்கிவிட்டு வந்தாள்.

அவள்தான் முதலில் தெளிந்தாள்.

"துணி மேல வெச்சு சார்ஜ் போட்டது. பக்கத்துல ஆள் இல்லாதது. விழுந்து உடைஞ்சதுக்கு டேப் போட்டது. சாவியோட சேர்த்து வெச்சது."

"சாவி விஷயம் உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்க மேடம் போன் பண்ணாங்க. 'வீட்டுல எல்லாம் சரியா இருக்கா, சார் முகமே சரியில்லை'ன்னு கேட்டாங்க. பாக்கெட்டுல சாவியும் பேட்டரியும் சேர்ந்து இருந்ததையும் சொன்னாங்க, அதான் ஓடி வந்தேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த நிலையிலும் ஒரு அற்பத் திருப்தி இருந்தது. அதை மறைக்கவில்லை.

"போனது போகட்டும். பேட்டரி போச்சு, மெஷினும் போச்சு. எனக்கும் இல்லை, உன் தம்பிக்கும் இல்லை."

"ஏன் இல்லை? இன்னொரு பேட்டரிதான் இருக்கே."

"இன்னொண்ணா?"

"பெட்டியிலே ரெண்டு இருந்துச்சேங்க. மேல் தட்டைத் தூக்கினா அடியில ஒண்ணு. நீங்க பார்க்கவே இல்லையா?"

நான் பார்க்கவே இல்லை. பாதுகாப்புப் பக்கங்களைத்தான் படித்தேன். பெட்டியில் என்னென்ன இருக்கிறது என்ற பக்கத்தைப் புரட்டவில்லை. நான் ஒரு பேட்டரிக்காகப் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு ஊரெல்லாம் நடந்திருக்கிறேன். இன்னொரு பேட்டரி வீட்டில் கால்நீட்டிப் படுத்திருந்திருக்கிறது.

"நீங்க ஆபீஸ் கிளம்பினதும் சார்ஜரை எடுத்து, சமையலறைத் தரையில வெச்சு, பக்கத்துலயே நின்னு சார்ஜ் போடுவேன். அப்புறம் மெஷினை எடுத்துட்டுத் தம்பி வீட்டுக்குப் போயிடுவேன். சாயங்காலம் நீங்க வர்றதுக்குள்ள எல்லாம் இருந்த இடத்துல இருக்கும். புத்தகத் தட்டு, கண்ணாடி, கடிகாரம், துணிக்கொடி எல்லாம் மாட்டியாச்சு."

"உன் தம்பி அவ்வளவு ஓட்டையும் போட்டானா?"

"அவனா? அந்தச் சத்தத்தைக் கேட்டாலே அவனுக்கு உதறல். உங்களை மாதிரிதான். அவன் ஏணியைப் பிடிச்சுக்கிட்டான், நான் போட்டேன்."

"நீயா!"

"நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியேதாங்க. முடியை இறுக்கிக் கட்டி, வளையலைக் கழட்டி, கண்ணாடி போட்டு, ஷூ போட்டு. ஒவ்வொரு தடவை பிட் மாத்தறப்பவும் பேட்டரியைக் கழட்டி வெச்சேன். ஒரு ஓட்டைகூடக் கோணலில்லை. நீங்க அவ்வளவு நல்லா சொல்லிக்குடுத்தீங்க."

இந்தப் பாராட்டை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

"அப்போ நம்ம ஸ்க்ரீன் கம்பியையும் மாட்டியிருக்கலாமே?"

"அது உங்க வேலையாச்சே. நீங்க சுவரைப் பார்த்துக்கிட்டிருக்கும்போது நான் குறுக்கே வரலாமா?"

"சரி, இப்போ மெஷின் எங்கே?"

"தம்பி வீட்டுல."

"போய் எடுத்துட்டு வா."

"எப்படிங்க?" என்று அவள் அப்பாவியாகக் கண்ணை விரித்தாள். "விதியை மீறின ஆள் இருக்கற வீட்டுல மெஷின் இருக்கக்கூடாதே. நானா சொன்னேன்? ரெண்டு தடவை நீங்கதானே சொன்னீங்க!"

'விதிகளின்படி' என்று ஆரம்பித்த பிறகுதான், விதிகளெல்லாம் அவள் பக்கம் இருப்பது எனக்கு உறைத்தது.

விடுமுறை நாளன்று, ஆறிப்போன பேட்டரியை மணலோடு ஒரு தகர டப்பாவில் போட்டு என் கையில் கொடுத்தாள். பழைய பேட்டரி வாங்கும் இடத்தில் அதைச் சேர்த்துவிட்டுத் திரும்பும் வழியில் ஒரு முடிவுக்கு வந்தேன். கம்பியை நானே மாட்டிக் காட்டுவேன். கண்ணாடி போட்டு, ஷூ போட்டு, எல்லா விதிக்கும் கட்டுப்பட்டு, எதிர்வீடே பார்க்கும்படி மாட்டிக் காட்டுவேன்.

இரவல் வீட்டுக்குப் போனேன். சுவரெங்கும் தட்டுகள், நூல் பிடித்ததுபோல் நேராக. நடுத்தட்டில் என் மெஷின் பெட்டி, துடைத்து வைத்த சிலைபோல் உட்கார்ந்திருந்தது. இந்த ஜென்மத்தில் இவனிடம் சொல்ல மாட்டேன் என்று நான் நினைத்திருந்த வார்த்தையை, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்.

"மாப்பிள்ளை, அந்த டிரில் மெஷின் கொஞ்சம் இரவலா வேணும். ரெண்டே ஓட்டைதான். சாயங்காலமே திருப்பிக் குடுத்துடறேன்."

"என்ன மாமா, இதுக்குப் போய்க் கேட்டுக்கிட்டு! உங்க மெஷின்தானே, தாராளமா எடுத்துக்கோங்க" என்று எழுந்தவன், பெட்டியில் கை வைத்துவிட்டு, எதையோ நினைத்துக்கொண்டவன்போல் கையை எடுத்துப் போனைத் தேடினான்.

"ஒரு நிமிஷம் இருங்க மாமா, உங்க கையில குடுக்கலாமான்னு அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேன்."